அறுப்பின் பண்டிகை ஏலத்தில் எடுத்த இன்ஜின் ஆயில்

மாடம்பாக்கம்,
நவம்பர் கடைசி வியாழன். காலையிலிருந்து மழை.

என் பாசத்துக்குரிய மாப்பிள்ளை மெர்வின் அவர்களுக்கு,

உங்களையும் என் மகள் ஜெனியையும் பேத்தி தமிழினியையும் அந்தக் கனடாக் குளிரிலும் கர்த்தர் கதகதப்பாக வைத்திருக்கும்படி வேண்டிக்கொண்டு, மாமா சாலமோன் எழுதுவது. இங்கே நானும் உங்கள் அத்தை சாராளும் சுகம். என் ரத்த அழுத்தமும் சுகம். அத்தையின் முழங்கால் சுகமில்லை. ஆனால் அதைப் பற்றி எழுதக் கூடாது என்று எனக்கு உத்தரவு, ஆகவே எழுதவில்லை.

வாரம் தவறாமல் வீடியோவில் பேசுகிறவனுக்குக் காகிதமும் பேனாவும் எதற்கு என்று நினைப்பீர்கள். வீடியோவில் பேசினால் ஜெனி பக்கத்தில் இருக்கிறாள். வாட்ஸ்அப்பில் எழுதினால் உங்கள் போன் தமிழினி கையில் இருக்கிறது. இது மாமனாரும் மாப்பிள்ளையும் தனியாகப் பேச வேண்டிய விஷயம். நம் சபை அசரியா சாரின் மகள் ஈவ்லின் ஞாயிறு ராத்திரி உங்கள் ஊருக்கே விமானம் ஏறுகிறாள். அவள் பெட்டியில், அத்தை போட்ட நார்த்தங்காய் ஊறுகாயோடு இந்தக் கடிதமும் வரும். காகிதத்தில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் அது ஊறுகாயினுடையது. காரினுடையது அல்ல.

விஷயம் காரைப் பற்றியதுதான்.

செப்டம்பரில் நீங்கள் போன் செய்து, "மாமா, பி.ஆர். வந்துடுச்சு. இனிமே நாங்க நிரந்தரமா இங்கதான். வண்டி அங்க சும்மா நின்னு வீணாகுது, நல்ல ஆளாப் பாத்து வித்துடுங்க" என்றீர்கள். நானும் மூச்சு விடாமல், "சரி மாப்பிள்ளை, அடுத்த வாரமே முடிச்சிடறேன்" என்றேன். அதற்கப்புறம் நீங்கள் இரண்டு தடவை மரியாதையாக விசாரித்தீர்கள், நானும் இரண்டு தடவை மரியாதையாக இருமினேன். கார் இன்னும் நம் வாசலில்தான் நிற்கிறது. ஏன் என்று உங்களுக்கு ஒரு விளக்கம் தர வேண்டியது என் கடமை. அரசாங்க அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான், தாமதத்துக்கு விளக்கம் எழுதுவது எனக்குக் கைவந்த கலை. இந்தத் தாமதத்துக்குக் காரணம் இன்ஜின் ஆயில்.

விற்கிற காரின் பேப்பர்களைச் சரிபார்க்கலாம் என்று முன்பக்கப் பெட்டியைத் திறந்தேன். அதில் காரோடு கொடுத்த புத்தகம் இருந்தது. உங்களில் ஒருவரும் அதை வாசித்த மாதிரி தெரியவில்லை, பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன. நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதல் பக்கத்திலிருந்து ஆரம்பித்தேன். பத்தாயிரம் கிலோமீட்டர் அல்லது ஒரு வருஷம், இரண்டில் எது முதலில் வருகிறதோ அப்போது ஆயிலை மாற்ற வேண்டும் என்று போட்டிருக்கிறது. கிலோமீட்டர் எங்கே ஓடியது? சர்ச்சுக்கும் கேம்ப் ரோடு காய்கறிக் கடைக்கும் போய் வந்ததுதான். ஆனால் நீங்கள் விமானம் ஏறுவதற்கு முந்தின வாரம் ஆயில் மாற்றினீர்கள், நினைவிருக்கிறதா? ஆகவே வருஷம்தான் முதலில் வந்தது, மாப்பிள்ளை. நீங்கள் எல்லாரும் போய் ஒரு வருஷம் ஆகிவிட்டது என்று எனக்குக் காலண்டர் சொல்லவில்லை. கார்தான் சொன்னது. பட்டனை அழுத்தியதும் திரையில் ஒரு ஸ்பேனர் படம் வர ஆரம்பித்தது. அத்தை எட்டிப் பார்த்து, "என்னங்க இது, கோழிக்காலா?" என்று கேட்டாள்.

ஆயில் மாற்றாத காரை ஒருவர் தலையில் கட்டுவது நியாயமா? கிழிந்த பனியனோடு கல்யாணப் பிள்ளையை மேடை ஏற்றுவது போல அல்லவா? ஆகவே முதலில் ஆயில், பிறகு விற்பனை என்று முடிவு செய்தேன். என்ன ஆயில் என்பதில்தான் சிக்கல் ஆரம்பித்தது.

அக்டோபரில் நம் சபையில் அறுப்பின் பண்டிகை. உங்களுக்குத் தெரியும், ஆளாளுக்குத் தங்கள் விளைச்சலைக் கொண்டுவந்து காணிக்கையாக வைப்பார்கள், ஆராதனை முடிந்ததும் அவற்றை ஏலம் விடுவார்கள். இந்த வருஷமும் வாழைத்தார் வந்தது, பூசணிக்காய் வந்தது, காலைக் கட்டிப் போட்ட ஒரு கோழி பிரசங்கம் முழுக்கக் கூடவே பேசிக்கொண்டிருந்தது. கேம்ப் ரோட்டில் உதிரிபாகக் கடை வைத்திருக்கிற நம் ஃபிரெடி, நாலு லிட்டர் இன்ஜின் ஆயில் டப்பா ஒன்றைத் தோளில் சுமந்துகொண்டு வந்து பீடத்துக்கு முன்னால் பூசணிக்கும் கோழிக்கும் நடுவில் வைத்தான். பெண்கள் பக்கத்தில் சிரிப்பு. அவன் திரும்பி நின்று, "வெதைக்கிறவங்க பூசணி குடுக்கறாங்க. நான் ஆயில் விக்கறேன், ஆயில்தானே என் வெள்ளாமை?" என்றான். போதகர் அந்த டப்பாவுக்கும் சேர்த்து ஜெபம் செய்தார்.

எனக்கு உடம்பு சிலிர்த்துப் போய்விட்டது, மாப்பிள்ளை. நான் ஒரு வாரமாக எந்த ஆயில் என்று தவித்துக்கொண்டிருக்கிறேன், இங்கே ஜெபம் செய்த ஆயில் கண் முன்னால் வந்து உட்கார்ந்திருக்கிறது. இதைவிடத் தெளிவாக ஒரு மனுஷனுக்கு எப்படி வழி காட்ட முடியும்? ஏலம் ஆரம்பித்ததும் கையைத் தூக்கினவன் இறக்கவே இல்லை. போட்டிக்கு வந்தது அசரியா சார். அவருடைய கார் உங்கள் கல்யாணத்துக்கு முன்பே பழசாகிவிட்ட கார் என்பது உங்களுக்குத் தெரியும். அவர் கேட்கக் கேட்க நானும் ஏற்றினேன். கடைசியில், "சாலமோன், உனக்கு எதுக்குய்யா இந்த ஆயிலு?" என்று அவர் சபையிலேயே கேட்டார். "என் மாப்பிள்ளை வண்டிக்கு!" என்று நான் கத்தினது வெளியே பந்தல் வரைக்கும் கேட்டதாம். மூணு தரம் சொல்லி டப்பாவை என் கையில் கொடுத்துவிட்டார்கள். என்ன விலைக்கு எடுத்தேன் என்று அத்தை கேட்டாள், நான் அவளிடமும் இருமினேன்.

வீட்டுக்கு வந்து டப்பாவைப் பார்த்தால் 20W-50 என்று எழுதியிருக்கிறது. புத்தகத்தை எடுத்து, அதுவரை நான் எட்டாத பக்கத்தைப் புரட்டினேன். உங்கள் காருக்கு 0W-20 என்று அதில் கட்டம் கட்டிப் போட்டிருக்கிறது. முதலில் எனக்குச் சந்தோஷம்தான். கேட்டது இருபது, கிடைத்திருப்பது ஐம்பது. இருபது மார்க் போதும் என்கிற இடத்தில் ஐம்பது வாங்கினால் யாராவது வேண்டாம் என்பார்களா? இன்னும் கொஞ்சம் வாசித்தால், W என்பது குளிர்காலமாம். நம் தாம்பரத்தில் ஏது குளிர்காலம்? மார்கழியில் நாலு நாள் காதில் மப்ளர் கட்டுகிறோம், அதோடு சரி. ஃபிரெடியிடம் கேட்டேன். "அங்கிள், மெட்ராஸ் வெயிலுக்குக் கெட்டி ஆயில்தான் நிக்கும், தைரியமா ஊத்துங்க" என்றான். ஆனால் அவன் முகத்தில், டப்பா திரும்பி வந்துவிடக் கூடாதே என்கிற கவலையும் தெரிந்தது.

நம் பின்தெரு ஜமீர் பாயைத் தெரியும் அல்லவா, பொழிச்சலூரில் டிராவல்ஸ் வைத்திருக்கிறாரே, அவர் ஒரு பார்வை பார்த்துவிட்டு டப்பாவை மூட்டை தூக்குகிற மாதிரி தூக்கித் தூரமாக வைத்தார். "சார், மொத நம்பரு காத்தால எழுந்திரிக்கச் சொல்லோ ஆயில் எவ்ளோ சுருக்கா ஓடுதுன்றது. ரெண்டாவது நம்பரு சூடான பொறவு எவ்ளோ கெட்டியா நிக்குதுன்றது. இந்தக் காலத்து இன்ஜின் உள்ள சந்தெல்லாம் தலைமுடி அளவு. மெல்லிசு ஆயில்தான் பூந்து ஓடும். நீங்க கூழக் காய்ச்சி ஊத்தப் பாக்கறீங்க."

"அப்ப இது கெட்ட ஆயிலா பாய்?"

"நல்ல ஆயில்தான் சார். வேற வண்டிக்கு நல்ல ஆயிலு."

அதோடு அவர் விட்டிருக்கலாம். "எத ஊத்துனாலும் அஞ்சாயிரத்துக்கு ஒரு வாட்டி கண்ண மூடிகினு மாத்திடணும்" என்று ஆரம்பித்தார். புத்தகத்தில் பத்தாயிரம் என்று இருக்கிறதே என்றேன். "புக்கு எழுதனவன் பல்லாவரம் சிக்னல்ல நின்னுக்கீறானா?" என்று கேட்டார். அதற்கும் புத்தகத்தில் பதில் இருந்தது. தூசி, நெரிசல், குட்டிக் குட்டி ஓட்டம் என்றால் முன்கூட்டியே மாற்றுங்கள் என்று பொடி எழுத்தில் போட்டிருக்கிறது. மூன்றும் நமக்குப் பொருந்துகிறது. ஆக, பாயும் புத்தகமும் ஒன்றைத்தான் சொல்கிறார்கள் என்று கண்டுபிடிக்க எனக்கு ஒரு வாரம் பிடித்தது. அந்த வாரமும் காரை விற்க முடியாமல் போனது.

ஜெபம் செய்த ஆயிலை ஊற்றாமல் வைத்திருப்பது என் மனசை உறுத்தியது. போதகரிடமே போய்க் கேட்டேன். அவர், "ஜெபம் பண்ணினது காணிக்கைக்கு, சாலமோன் சார். கிரேடுக்கு இல்ல" என்றார். டப்பா நம் ஹாலில் டிவிக்குப் பக்கத்தில் இருக்கிறது. அத்தை அதன்மேல் ஒரு பூச்சாடி வைத்திருக்கிறாள்.

இதற்கிடையில் இன்னொரு கலவரம். கார் நின்றே கெட்டுப்போகக் கூடாது என்று தினமும் காலையில் ஜெபம் முடிந்ததும் அதை ஸ்டார்ட் செய்து, ஐந்து நிமிஷம் உறும விட்டு, நிறுத்திவிடுவேன். பிறகு ஆயில் அளவுக் கம்பியை உருவி, அத்தையின் நல்ல துவாலையில் துடைத்து, மறுபடி விட்டுப் பார்ப்பேன். ஒரு நாள் ஆயில் குறைந்திருந்தது. எங்கே போயிற்று என்று காருக்கு அடியில் படுத்துத் தேடினேன், ஒரு சொட்டு இல்லை. கடைசியில் பார்த்தால் காரை வாசல் சரிவில் நிறுத்தியிருக்கிறேன். சமதளத்தில் நிறுத்தி, கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தால் அளவு சரியாகத்தான் இருக்கிறது. அடுத்த வாரம் ஆயில் ஊற்றுகிற மூடியைத் திறந்தேன். உள்ளே மோர் மாதிரி வெள்ளையாகப் படிந்திருந்தது. உங்கள் காரைக் கெடுத்துவிட்டேன் என்று வாசல் படியில் உட்கார்ந்துவிட்டேன். அத்தைதான் ஓடிப்போய் ஜமீர் பாயைக் கூட்டி வந்தாள்.

அவர் விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, இன்ஜினைக் குளிர வைக்கிற கூலன்ட் தண்ணீர் குறைந்திருக்கிறதா என்றும் பார்த்தார். "ஒண்ணும் ஆவல சார். தெனம் அஞ்சு நிமிஷம் போட்டு நிறுத்தறீங்களே, அது வைத்தியம் இல்ல, அதான் வியாதி. இன்ஜின் நல்லா சூடாவறதுக்குள்ள நிறுத்துனா உள்ள வேர்த்து, அந்தத் தண்ணி ஆயில்ல கலக்கும். ஒரு நாளு நல்லா தூரமா ஓட்டுங்க, சரியாப் பூடும்" என்றார். போகும்போது திரும்பி நின்று, "சும்மா வாசல்லயே வெச்சிகினு தடவிக் குடுக்காதீங்க சார். வண்டின்னா ஓடணும்" என்றார்.

அந்தச் சனிக்கிழமை நானும் அத்தையும் கிளம்பினோம். ராஜகீழ்ப்பாக்கம், தாம்பரம், ஜி.எஸ்.டி. ரோடு என்று போய் சிங்கப்பெருமாள் கோயில் வரைக்கும் ஓட்டித் திரும்புவதாகத் திட்டம். உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். நீங்கள் போனதிலிருந்து அத்தை ஒரு நாளும் என் பக்கத்தில் முன் சீட்டில் உட்கார்ந்ததில்லை. பின் சீட்டில், தமிழினியின் குழந்தை சீட்டுக்குப் பக்கத்தில்தான் உட்காருவாள். ஊரார் கண்ணுக்கு நான் டிரைவர். அந்தக் குழந்தை சீட்டின் மடிப்பில் இன்னும் பிஸ்கட் தூள் இருக்கிறது. கார் கழுவுகிற இடத்தில் வாக்குவம் போட வந்தார்கள், அத்தை அந்த சீட்டை மட்டும் தொட விடவில்லை.

பெருங்களத்தூர் தாண்டி மிருகக்காட்சிசாலை சுவர் வந்ததும் பின்னால் இருந்து, "தமிழு, புலி வூடு வந்தாச்சு பாரு! டாட்டா சொல்லு!" என்று சத்தம். குழந்தையோடு போகும்போதெல்லாம் அந்த இடத்தில் அவள் சொல்கிற வசனம், அதுவாக வாயில் வந்துவிட்டது. நான் கண்ணாடியில் பார்த்தேன். அத்தை அந்தக் காலி சீட்டின் பெல்ட்டைப் பிடித்துக்கொண்டு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு ரோடு சரியாகத் தெரியவில்லை. மழை பெய்யவில்லை, ஆனாலும் வைப்பரைப் போட்டேன்.

மாப்பிள்ளை, நான் அப்போதுதான் என் மனசை ஒத்துக்கொண்டேன். இரண்டு மாசமாக நான் ஆயில் தேடிக்கொண்டிருக்கவில்லை. இந்தக் கார் வாசலில் நிற்கிறவரைக்கும் நீங்கள் எங்கோ பக்கத்தில் போயிருக்கிறீர்கள் என்று எனக்கு ஒரு எண்ணம். சாவி வீட்டில் இருக்கிறது, வந்து எடுத்துக்கொள்வார்கள் என்று. அதை விற்றுவிட்டால் நீங்கள் உண்மையிலேயே போய்விட்டீர்கள் என்று ஆகிவிடும். அதைத் தள்ளிப் போட எனக்கு ஒரு காரணம் வேண்டியிருந்தது. ஆயில் வசமாகக் கிடைத்தது.

ஆனால் உங்கள் மேல் தப்பில்லை. குழந்தையை வைத்துக்கொண்டு புது ஊரில் காலூன்றுகிறவர்கள் நீங்கள். இங்கே ஒரு காரைக் கட்டி வைத்துக்கொண்டு என்ன செய்வீர்கள்? ஆகவே போன வாரம் சர்வீஸுக்கு எடுத்துப் போய், புத்தகத்தில் சொன்ன அதே 0W-20 ஆயிலையே போட்டுவிட்டேன். ஃபில்டர் புதுசு, ஆயிலை இறக்குகிற அடி போல்ட்டுக்கு வாஷரும் புதுசு. பழைய ஆயிலை இறக்கும்போது நான் பக்கத்திலேயே நின்றேன். கறுப்பாக ஒழுகியது. உங்களை விமான நிலையத்துக்கு ஏற்றிப் போனபோது உள்ளே ஓடிக்கொண்டிருந்தது அந்த ஆயில்தானே என்று நினைத்தேன். கடைசியாக ஜெனி ஓட்டினாள், கண்ணைத் துடைத்துக்கொண்டே ஓட்டினாள். சர்வீஸ்காரர், "சார், நீங்க வெயிட்டிங் ரூம்ல உட்காரலாம்" என்றார். தட்டில் கடைசிச் சொட்டு விழுகிறவரைக்கும் நான் போகவில்லை.

ஸ்பேனர் படம் மறைந்துவிட்டது, இனி எனக்குச் சாக்கு இல்லை. கீழ்க்கட்டளையிலிருந்து கிரீஷ் என்று ஒரு பையன் நாளை மறுநாள், சனிக்கிழமை, கார் பார்க்க வருகிறான். மனைவி முழுகாமல் இருக்கிறாளாம், அதற்காகத்தான் கார் தேடுகிறான். போனில் அவன் கேட்ட முதல் கேள்வியே, "என்ன ஆயில் சார் போட்டிருக்கீங்க?" என்பதுதான். அது பெரிய கதை, நேரில் சொல்கிறேன் என்றேன். காரைப் பேணத் தெரிந்தவன் கைக்குத்தான் போகிறது, நீங்கள் நிம்மதியாக இருக்கலாம். நான் மனசார விற்கிறேன். குழந்தை சீட்டை மட்டும் கழற்றி வைத்துக்கொள்ள அனுமதி கொடுங்கள். அத்தைக்கு வேண்டும்.

ஜெனியிடம் இதில் எதையும் சொல்ல வேண்டாம். சமயத்துக்குச் சாப்பிடுங்கள், காதை மூடிக்கொண்டு வெளியே போங்கள், தமிழினிக்குத் தமிழ் மறக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் போக்கையும் வரத்தையும் கர்த்தர் காப்பாராக. வரத்தை முக்கியமாக.

என்றும் உங்கள் நலம் நாடும் மாமா,
கே. சாலமோன்

பி.கு.: மாப்பிள்ளை, இது அத்தை எழுதறேன். ஒட்டி ஊறுகாயோட வைன்னு மாமா கொடுத்தார். ஒட்டறதுக்கு முன்னாடி வாசிச்சுட்டேன், மன்னிக்கணும். அவர் எழுதினதுல கார் விக்கிற சமாச்சாரத்தை மட்டும் அடிச்சிடுங்க.

அந்த கிரீஷ் தம்பி சனிக்கிழமைன்னு சொல்லிட்டு வெள்ளிக்கிழமை சாயங்காலமே வந்துட்டார். மாமா கேரல் பயிற்சிக்குப் போயிருந்தார். தம்பி வந்து நின்னதும், "ஆன்ட்டி, என்ன ஆயில்?"னு கேட்டார். நான் உள்ளே போய்ப் பூச்சாடியை எடுத்து வெச்சுட்டு, பண்டிகை டப்பாவைத் தூக்கிட்டு வந்து கார் மேல வெச்சேன். "இதான் தம்பி எங்க வீட்ல இருக்கிற ஆயில். ஜெபம் பண்ணினது"ன்னேன். ஒரு வார்த்தை பொய் இல்லை. அந்தப் பிள்ளை நம்பரை வாசிச்சுது, காரைப் பாத்துது, என்னைப் பாத்துது. வீட்ல கலந்து சொல்றேன்னு டீயைப் பாதியில வெச்சுட்டுப் போயிடுச்சு. பாவம், நல்ல பிள்ளை. அதுக்கு வேற நல்ல கார் கிடைக்கணும்னு ஜெபம் பண்ணியிருக்கேன்.

மாமாவுக்கு இது தெரியாது. நேத்து சனிக்கிழமை முழுக்க வாசல்ல உட்கார்ந்து காத்திருந்தார். யாரும் வரலைன்னதும், "சே, இந்தக் காலத்துப் பசங்களுக்கு ஒரு வாக்கு கிடையாது"ன்னு முகத்தை வருத்தமா வெச்சுக்கிட்டு, கேரல் பாடிக்கிட்டே காரைத் துடைச்சார். டப்பாவை அசரியா சாருக்கே கொடுத்துட்டேன், அவர் வண்டிக்கு அதுதான் சரியாம்.

பி.ஆர். வந்துட்டா லீவுக்கு ஊருக்கு வரக் கூடாதுன்னு அங்க சட்டம் இருக்கா? வருவீங்கல்ல? ஏர்போர்ட்டுல இருந்து வீட்டுக்கு எதுல வருவீங்க? இப்போ போட்ட ஆயில் ஒரு வருஷத்துக்குத் தாங்கும்னு மாமா சொல்றார். அதுக்குள்ள வந்துடுங்க. குழந்தை சீட்டோட பெல்ட்டை ஒரு பிடி தளர்த்தி வெச்சிருக்கேன். வளர்ந்திருப்பா, இல்ல?